சிறகு முளைத்த சூரியன்: நான் பார்த்த இரண்டு முழு கிரகணங்கள்

எகிப்துக் கோயில் வாசல்களுக்கு மேலே சூரிய வட்டம் ஒன்று சிறகு விரித்தபடி இருக்கும். எட்ஃபூ கோயில் படங்களில் பார்த்திருப்பீர்கள். அசீரியாவிலும் அதே சிறகு வட்டம் உண்டு. முழு சூரிய கிரகணத்தைப் பார்த்துத்தான் இந்த உருவம் பிறந்திருக்கும் என்று கிரீனிச் வானாய்வாளர் வால்டர் மாண்டர் நூறு வருடங்களுக்கு முன்பே எழுதினார். படித்தபோது கொஞ்சம் இழுத்துக் கட்டிய கதையாகத்தான் பட்டது.

2017 ஆகஸ்ட் 21, அமெரிக்காவில் நாஷ்வில்லுக்கு வடக்கே ஒரு பூங்கா. மதியம் ஒன்றரை மணிவாக்கில் வெயில் வெளிறி, நிழல்களின் ஓரம் கூர்மையாகி, மரங்களில் சில்வண்டு கத்தத் தொடங்கியது. கடைசி வெளிச்சமும் போனதும் கண்ணாடியைக் கழற்றினேன். நடுவே கன்னங்கரேலென்று ஒரு வட்டு. இரு பக்கமும் வெள்ளி இழைகள் நீளமாக ஓடின. மேலும் கீழும் குட்டை. சிறகு என்று எனக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

2024 ஏப்ரலில் டல்லாஸில் மேகம் விட்டுவிட்டுத் தெரிந்தது வேறு சூரியன். சாமந்திப் பூ மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஒளி; அடியில் இளஞ்சிவப்பாக ஒரு தீக்கொழுந்து. சிறகா? பேருக்குக்கூட இல்லை. காரணம் எளிது. சூரியனின் காந்தச் செயல்பாடு சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அடங்கியிருக்கும் காலத்தில் கொரோனா, அதாவது முழு கிரகணத்தில் சூரியனைச் சுற்றித் தெரியும் அந்த வெளிப்புற ஒளி, பக்கவாட்டில் நீளும், உச்சத்தில் சுற்றிலும் பரவும். மாண்டர் சொன்னது உண்மையென்றால், அந்தக் காலத்து ஆள் சரியான வருடத்தில் அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எகிப்தின் முதல் வம்சத்து மன்னர் ஜெட்டின் தந்தச் சீப்பில் சிறகுகள் மட்டும் இருக்கின்றன, மேலே படகில் பருந்து. சூரிய வட்டைக் காணோம். அப்படியானால் பருந்தின் சிறகுதான் முதலில் வந்தது, வட்டு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன். ஒட்டவைத்ததில் ஏதாவது ஒரு கிரகணத்துக்குப் பங்கு இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஒரே இடத்தில் முழு கிரகணம் சராசரியாக 375 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். பகுதி கிரகணமோ அடிக்கடி வரும். அதில் கண்ணுக்குத் தெரிவது கடிபட்ட சூரியன். நம் ராகு விழுங்குகிறான், சீனத்தில் டிராகன் விழுங்குகிறது. சிறகைவிட வாய்தான் அதிக ஊர்களில் கதையானதில் ஆச்சரியமில்லை.

2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சரில் ஆறு நிமிடத்துக்கு மேல் முழு கிரகணம். போகிறவர்கள் இழைகள் எந்தப் பக்கம் நீண்டன என்று வந்து சொல்லுங்கள்.