தண்டனை முடிந்து வெளியே வந்தவருக்கு ஓட்டு உண்டா?

தென்காசிக்காரன்:
என் தாய்மாமா ஒரு அடிதடி வழக்கில் மூன்று வருடம் தண்டனை அனுபவித்துவிட்டுப் போன ஆடியில் வெளியே வந்தார். வாக்காளர் பட்டியலில் அத்தை பெயர் இருக்கிறது, மாமா பெயர் இல்லை. விசாரித்தால், "ஜெயிலுக்குப் போனவங்களுக்கு ஆறு வருஷம் ஓட்டு கிடையாது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமாவும் கூச்சப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சட்டம் அப்படியா இருக்கிறது?

வக்கீல் குமாஸ்தா:
இல்லை தம்பி. அந்த ஆறு வருடக் கணக்கு தேர்தலில் நிற்பவர்களுக்கு. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8ஆம் பிரிவுப்படி இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் விடுதலையான பிறகும் ஆறு வருடம் போட்டியிட முடியாது. ஓட்டுப் போடுவது 62(5)ஆம் பிரிவு, அது சிறையிலோ போலீஸ் காவலிலோ இருக்கும் வரைக்கும்தான் தடை. வெளியே வந்த அன்றே உரிமையும் வந்துவிடும். ஓட்டுக்குப் பணம் கொடுத்தது, ஆள்மாறாட்டம் செய்தது மாதிரியான சில தேர்தல் குற்றங்களில் தண்டனை பெற்றவருக்கு மட்டும் ஆறு வருடம் ஓட்டும் கிடையாது, உங்கள் மாமாவுக்கு அது பொருந்தாது.

பெயரை நீக்கியதே தவறு என்றுதான் சொல்வேன். உள்ளே இருப்பவருக்கு ஓட்டுப் போட முடியாதே தவிர, அதைக் காரணம் காட்டிப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கக்கூடாது என்று 2013இல் திருத்தமே கொண்டுவந்திருக்கிறார்கள். அநேகமாக "ஆள் வீட்டில் இல்லை" என்று எழுதி எடுத்திருப்பார்கள். பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுங்கள். அதில் தண்டனை பற்றிய கேள்வியே கிடையாது.

ஊர்க்குருவி:
சட்டம் சரி. ஆனால் அடுத்தவன் மண்டையை உடைத்துவிட்டு உள்ளே போனவருக்கும் எனக்கும் ஒரே ஓட்டா? அடி வாங்கியவன் குடும்பம் என்ன நினைக்கும்?

புழல் ஏரிக்கரை:
அடி வாங்கிய குடும்பத்தின் வலி எனக்கும் புரிகிறது சகோ, அதற்குத்தான் கோர்ட் மூன்று வருடம் கொடுத்தது, அவரும் அதை அனுபவித்து முடித்துவிட்டார், அதற்கு மேல் ஒரு தண்டனையை நாமாக ஏன் சேர்க்க வேண்டும்? எனக்கு இதைவிடப் பெரிய ஆதங்கம் உள்ளே இருப்பவர்கள் விஷயத்தில். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை. அவர்களுக்கும் ஓட்டு இல்லை. தண்டனை பெற்று மேல்முறையீட்டில் ஜாமீன் வாங்கியவர் வரிசையில் நின்று மை வைத்துக்கொள்ளலாம், ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழை உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவருக்குத் தபால் ஓட்டு உண்டு, ஏனென்றால் அது தடுப்புக் காவல். அடுத்த அறையில் செல்போன் திருட்டு வழக்கில் இருப்பவருக்கு இல்லை. 2024இல் பாராமுல்லா தொகுதியில் பொறியாளர் ரஷீத் திகார் சிறையில் இருந்தபடியே எம்.பி. ஆனார். விசாரணைக் கைதி நிற்கலாம், ஜெயிக்கலாம், ஓட்டு மட்டும் போடக்கூடாது! 1997இல் அனுகுல் சந்திர பிரதான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடை செல்லும் என்றது. பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது என்பதும் அதில் ஒரு காரணம். தென்னாப்பிரிக்காவில் 1999இலேயே கைதிகள் ஓட்டுப் போட ஏற்பாடு செய்யச் சொல்லி அங்குள்ள அரசமைப்பு நீதிமன்றம் உத்தரவு போட்டது. நம்மால் முடியாதா என்ன?

தென்காசிக்காரன்:
ரொம்ப நன்றி. மாமாவிடம் படித்துக் காட்டினேன், "அப்போ எழுதிப் போடுடா" என்றார். ஒரு சந்தேகம், மூன்று வருடம் ஊரில் இல்லாததால் முகவரி செல்லாது என்று தட்டிக்கழித்தால்?

வக்கீல் குமாஸ்தா:
சிறையில் இருந்த காரணத்தால் சிறையே ஒருவரின் வசிப்பிடம் ஆகிவிடாது என்று 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் (நான் முன்பு சொன்ன 1951 சட்டம் வேறு) 20ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இப்போது அவர் வீட்டில்தானே இருக்கிறார், ஆதாரோ வங்கிப் புத்தகமோ அந்த முகவரியில் இருந்தால் போதும். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். நிராகரித்தால் எழுத்தில் உத்தரவு கேளுங்கள், 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள், வேட்புமனுவுக்கான கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க மாட்டார்கள்.