கலியாண அழைப்பிதழில் 'ராயல் பரோ' என்று போடலாமா?

டோல்வொர்த் தகப்பன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மகளின் கலியாண அழைப்பிதழ் அச்சுக்குப் போகிற நேரத்தில் வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தெரிந்தவர்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நாங்கள் முன்பு லண்டனில் சட்டன் பகுதியில் இருந்தோம். இரண்டு வருடத்துக்கு முன் டோல்வொர்த்தில் வீடு வாங்கி வந்தோம். இங்கே வரும் கவுன்சில் வரிக் கடிதத்தின் தலைப்பிலேயே 'கிங்ஸ்டன் அபான் தேம்ஸ் ராயல் பரோ' என்று அச்சடித்திருக்கிறார்கள் (பரோ என்றால் ஒரு கவுன்சில் நிர்வகிக்கும் பகுதி). நான் அதைக் கவனித்ததே இல்லை. என் அண்ணன் கவனித்துவிட்டார். "பெண் வீட்டு விலாசத்தில் ராயல் பரோ என்று போடு, சம்பந்தி வீட்டார் வாசிக்கும்போது ஒரு மதிப்பாக இருக்கும்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். தமிழில் 'அரச மாநகரம்' என்றும் போடலாமாம். மகள் சிரிக்கிறாள். மனைவி, சட்டனில் இருந்தபோது கட்டியதைவிட இங்கே வரி கூட, அதற்குக் காரணமே இந்த ராயல்தான் என்கிறாள்.

என் கேள்விகள் இவைதான். இந்தப் பட்டத்தை யார், எதற்காகக் கொடுக்கிறார்கள்? அதனால் ஊருக்குக் காசோ அதிகாரமோ கூடுதலாகக் கிடைக்கிறதா? அழைப்பிதழில் போடுவது சரியா?

கணக்காளன் சொன்னது:

ராயல் பரோ என்றால் சிட்டி மாதிரித்தான் அண்ணா. அரண்மனையில் இருந்து தனியாக நிதி வரும். தாராளமாகப் போடுங்கள்.

இரவுத் தபால்காரன் சொன்னது:

தம்பி கணக்காளன் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் சொன்ன இரண்டும் பிழை. நான் தென் லண்டனில் தபால் பிரிக்கும் நிலையம் ஒன்றில் 26 வருடம் இரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சரித்திரம் படித்தவன் அல்லன். ஆனால் இந்த நாட்டு ஊர்ப் பெயர்களை என்னைப்போல் கையால் தொட்டவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் காசு. ஒரு பென்னியும் வராது. அதிகாரமும் கூடாது. குப்பை அள்ளுவது, நூலகம் நடத்துவது, வீதி விளக்குப் போடுவது எல்லாம் சட்டனுக்கு எப்படியோ கிங்ஸ்டனுக்கும் அப்படியே. உங்கள் வீட்டம்மாவின் சந்தேகத்துக்கும் பதில் உண்டு. கிங்ஸ்டனின் வரி லண்டனிலேயே உயர்ந்த வரிசையில் இருப்பது உண்மை. ஆனால் இன்னொரு ராயல் பரோவான கென்சிங்டன் அண்ட் செல்சியின் வரி தாழ்ந்த வரிசையில் இருக்கிறது. வரியை ஏற்றுவது கிரீடம் என்றால் இரண்டு இடத்திலும் ஏறியிருக்க வேண்டும் அல்லவா?

சிட்டி என்பது வேறு பட்டம். இரண்டையும் முடியின் பெயரால்தான் கொடுக்கிறார்கள். அரசாங்கம் ஆலோசனை சொல்ல, முத்திரையிட்ட சாசனம் வரும். ஆனால் ஒன்று இன்னொன்று ஆகாது. லண்டனில் 32 பரோக்கள். அவற்றில் ராயல் மூன்றுதான்: கென்சிங்டன் அண்ட் செல்சி, கிங்ஸ்டன், கிரீனிச். வேடிக்கை என்னவென்றால், பக்கிங்ஹாம் அரண்மனை இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அந்த மூன்றில் இல்லை. அது சிட்டி. ராஜா குடியிருக்கும் இடம் ராயல் இல்லை, உங்கள் டோல்வொர்த் ராயல்! உங்கள் அண்ணனுக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள், அழைப்பிதழில் கிரீடமே வரைந்துவிடுவார்.

கொடுத்த காரணங்கள் ஊருக்கு ஊர் வேறு. கென்சிங்டன் அரண்மனையில் 1819-ல் விக்டோரியா பிறந்தார். தான் பிறந்த இடத்துக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்று விரும்பினார். அவர் இறந்த 1901-ஆம் வருடத்திலேயே மகன் ஏழாம் எட்வர்ட் அதை நிறைவேற்றினார். செல்சி 1965-ல் கென்சிங்டனோடு சேர்த்துக் கட்டப்பட்டது. பட்டம் சீதனம்போல் கூடவே வந்தது. லண்டனுக்கு வெளியே, கோட்டை இருக்கும் விண்ட்சரோடு 1974-ல் சேர்ந்து மேய்டன்ஹெட் ராயல் ஆனதும் இதே கதைதான். கிரீனிச்சுக்கு 2012-ல், இரண்டாம் எலிசபெத்தின் வைர விழா வருடத்தில் கிடைத்தது. எட்டாம் ஹென்றியும் அவருடைய இரண்டு மகள்மாரும் பிறந்த அரண்மனை அங்கேதான் இருந்தது. அந்த எல்லைக்குள்ளேதான் வூலிச்சும், தேம்ஸ்மீடின் அடுக்குமாடிகளில் ஒரு பகுதியும் இருக்கின்றன. அங்கே குடியிருந்த என் கூட்டாளி ஒருவர், "நேற்று லிஃப்ட் வேலை செய்யவில்லை, இன்று நான் ராயல்" என்றார்.

உங்கள் கிங்ஸ்டன் இவர்களை எல்லாம்விடப் பழசு. 925-ல் சாக்ஸன் ராஜா அதெல்ஸ்தான் அங்கே முடிசூட்டப்பட்டார். கில்ட்ஹால் பக்கத்தில் இரும்பு வேலி போட்டு ஒரு கல்லை வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். சாக்ஸன் ராஜாக்கள் அதில் இருந்து முடிசூடினார்கள் என்பது ஊர் நம்பிக்கை. நெடுங்காலம் ராயல் என்று தாங்களாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். 1927-ல் ஐந்தாம் ஜார்ஜ், சரி அப்படியே இருக்கட்டும் என்று உறுதிப்படுத்தினார். சர்பிட்டனும் அதோடு உங்கள் டோல்வொர்த்தும் நியூ மால்டனும் 1965-ல் வந்து ஒட்டிக்கொண்டவை.

இனி என் தொழில் விஷயம். ராயல் என்ற சொல் முன்னால் வந்தால் உதிர்ந்துவிடும். ரீஜிஸ் என்று பின்னால் வந்தால் ஒட்டிக்கொள்ளும். லெமிங்டன் ஸ்பாவுக்கு 1838-ல் விக்டோரியா ராயல் கொடுத்தார். டன்பிரிஜ் வெல்ஸுக்கு 1909-ல் ஏழாம் எட்வர்ட் கொடுத்தார். இரண்டும் மருந்து ஊற்றுகளால் பெயர்பெற்ற ஊர்கள். அரச குடும்பம் தண்ணீர் குடிக்கவும் காற்று வாங்கவும் போன இடங்கள். ஆனால் ஒரு கட்டுக் கடிதத்தில் ராயலைச் சேர்த்து எழுதியவர்களை விரல் விட்டு எண்ணலாம். டன்பிரிஜ் வெல்ஸில் இன்னொரு கூத்து: நகரம்தான் ராயல், அதைச் சுற்றியுள்ள பரோ சாதாரணம்.

ரீஜிஸ் அப்படி இல்லை. லத்தீனில் 'ராஜாவுடைய' என்று பொருள். லைம் ரீஜிஸுக்கு 1284-ல் முதலாம் எட்வர்டின் சாசனம் கிடைத்தது. போக்னர் ரீஜிஸ் நேற்றைய பிள்ளை. ஐந்தாம் ஜார்ஜ் நுரையீரல் நோயில் மயிரிழையில் தப்பி, 1929-ல் கடற்காற்றுக்காக அங்கே சில மாதம் தங்கினார். தங்கிய வீடு பக்கத்து ஆல்டிக்கில் இருந்தது. பெயரைத் தட்டிக்கொண்டது போக்னர். ஊர்ப் பெரியவர்கள் மனுக் கொண்டுபோனபோது ராஜா போக்னரைப் பற்றி எழுத்தில் போட முடியாத ஒரு சொல்லைச் சொன்னார் என்றும், வெளியே வந்த செயலாளர் "மாட்சிமை தங்கிய மன்னர் மகிழ்ச்சியோடு இசைந்தார்" என்று அறிவித்தார் என்றும் ஒரு கதை உலவுகிறது. மெய்யோ பொய்யோ, மனுக்கள் நிறைவேறும் விதத்தை அது சரியாகவே சொல்கிறது. இந்த இரண்டு ஊருக்கும் கடிதம் எழுதுகிறவர்கள் ரீஜிஸை விட்டு எழுதி நான் அநேகமாகக் கண்டதில்லை.

கடைசியாக உங்கள் விலாசம். டோல்வொர்த்தின் தபால் நகரம், அதாவது விலாசத்தில் ஊருக்குப் பின் வர வேண்டிய நகரப் பெயர், சர்பிட்டன். கேடி6 என்று தொடங்கும் தபால் குறியீட்டோடு விலாசம் முடியும். ராயல் இருக்கட்டும், சரியான தபால் விலாசத்தில் கிங்ஸ்டனே வராது.

டோல்வொர்த் தகப்பன்:

ஐயா, உங்கள் பதிலை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கிங்ஸ்டனே வராது என்ற இடத்தில் அண்ணன் எழுந்து தேநீர் போடப் போய்விட்டார். மனைவி வரி விஷயத்தில் இன்னும் சமாதானமாகவில்லை.

இன்னொன்று கேட்கிறேன். பிறந்தது, தங்கியது, முடிசூடியது எல்லாம் ராஜா சம்பந்தப்பட்ட காரணங்கள். சனங்கள் செய்த ஒரு காரியத்துக்காக எந்த ஊருக்காவது கொடுத்திருக்கிறார்களா?

ஸ்விண்டன் தாதி சொன்னது:

கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பக்கத்து ஊர். வூட்டன் பாசெட்.

ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் இறந்த படையினரின் உடல்கள் 2007 ஏப்ரலில் இருந்து லைனம் விமானத் தளத்தில் வந்து இறங்கத் தொடங்கின. அங்கிருந்து ஆக்ஸ்போர்ட் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி இந்த ஊரின் கடைத்தெரு. முதலில் முன்னாள் படைவீரர் சங்கத்து முதியவர்கள் சிலர் மட்டும் ஓரத்தில் நின்று தலை தாழ்த்தினார்களாம். யாரும் கூப்பிடவில்லை, யாரும் ஒழுங்கு செய்யவில்லை. பிறகு கடைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் சனம்.

நான் ஒரு தடவைதான் போனேன், இரவு வேலை முடிந்த கையோடு. தேவாலய மணி ஒவ்வொன்றாக அடித்தது. வாகனங்கள் வரும்வரை ஒருவரும் பேசவில்லை. கறுப்பு வண்டிகள் நின்றன. உறவினர்கள் கண்ணாடியில் பூக்களை வைத்தார்கள். வண்டிகள் போய்விட்டன. அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் கையில் சந்தைப் பையோடு வந்திருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு ரொட்டிக் கடைக்குள் போனார். அந்தப் போர் சரியா பிழையா என்று அந்தத் தெருவில் யாரும் பேசியதை நான் கேட்கவில்லை. உடல்கூடத் திரும்பி வராத வீடுகளை அறிந்த ஊரில் இருந்து வந்தவள் நான். வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அழுதேன், யாருக்காக என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

2011 ஆகஸ்ட்வரை அப்படி 167 தடவை, 345 பேர். பிறகு விமானங்கள் பிரைஸ் நார்ட்டன் தளத்துக்கு மாறின. அந்த வருடம் அக்டோபர் 16-ஆம் தேதி இளவரசி ஆன் வந்து சாசனத்தைக் கையில் கொடுத்தார். டன்பிரிஜ் வெல்ஸுக்குப் பிறகு அதுவரை நூறு வருடத்துக்கு மேலாக எந்த நகரத்துக்கும் ராயல் கொடுக்கப்படவில்லை. எதையும் எதிர்பார்த்துச் செய்ததில்லை என்றுதான் அங்கே பழகியவர்கள் சொல்வார்கள். கடையில் வேலை செய்யும் என் சிநேகிதி இன்றைக்கும் வெறும் 'பாசெட்' என்பாள்.

டப்ளின் மாணவன் சொன்னது:

பட்டம் திரும்பிப் போன கதையும் இருக்கிறது. நான் தினமும் ரயில் ஏறும் டன் லேரி, 1821-ல் நான்காம் ஜார்ஜ் அங்கிருந்து கப்பல் ஏறியதற்காகக் கிங்ஸ்டவுன் ஆனது. 1920-ல் ஊரார் பழைய பெயரையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எல்லைக்கு வடக்கே, வட அயர்லாந்தில், ஹில்ஸ்பரோ கிராமம் 2021-ல் ராயல் ஹில்ஸ்பரோ ஆனது. ராஜா வந்தால் தங்கும் மாளிகை அங்கே இருக்கிறது. ஒரே தீவு, நூறு வருட இடைவெளி. ஓர் ஊர் கழற்றி வைத்தது, இன்னோர் ஊர் எடுத்துப் போட்டுக்கொண்டது.

இரவுத் தபால்காரன்:

தாதித் தங்கச்சி எழுதியதற்குப் பிறகு நான் எழுத ஒன்றும் இல்லை. ஒரு தொழில் குறிப்பு மட்டும். வூட்டன் பாசெட்டின் தபால் நகரம் ஸ்விண்டன். ஆகவே அந்த ஊருக்குப் போகும் கடிதத்தின் கடைசி வரியிலும் ராயல் இருக்காது. அதை நான் எத்தனையோ தடவை பிரித்திருக்கிறேன், அன்றைக்கெல்லாம் கவனித்ததில்லை.

மாணவர் தம்பிக்கு: கிங்ஸ் லின் என்ற ஊரை முன்பு பிஷப்ஸ் லின் என்பார்கள். 1537-ல் எட்டாம் ஹென்றி ஊரை ஆயரிடம் இருந்து எடுத்தபோது பெயரும் கைமாறியது. பட்டங்களில் சில மரியாதை, சில உறுதிப்பத்திரம்.

டோல்வொர்த் தகப்பன்:

எல்லோருக்கும் நன்றி. மணப்பெண்ணே தாதி அக்கா எழுதியதை வாசித்துவிட்டு, "சித்தப்பாவுக்கு இதை மட்டும் காட்டுங்கள்" என்றாள். (பெரியப்பாவைத்தான் சொல்கிறாள், இங்கே பிறந்த பிள்ளை, இன்னும் மாறிப் போகிறது.) அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். ராயல் பேச்சை விட்டுவிட்டார்.

அழைப்பிதழில் வீட்டு இலக்கம், தெரு, டோல்வொர்த், சர்பிட்டன், கேடி6. அவ்வளவுதான். ஆனால் இன்று காலை அச்சகத்துக்குக் கிளம்பும்போது வாசலில் மறித்து, "அப்படியென்றால் சரே கவுண்டி என்றாவது போடு, அது நல்ல பகுதி" என்கிறார். சரே போடலாமா ஐயா?

இரவுத் தபால்காரன்:

கிங்ஸ்டன் 1965-லேயே சரேயை விட்டு லண்டனுக்கு வந்துவிட்டது. ஆனால் சரே கவுண்டியின் தலைமை அலுவலகம் அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் கிங்ஸ்டனிலேயே இருந்தது. ஆகவே அண்ணன் மட்டும் குழம்பவில்லை.

போடட்டும். தபால் பிரிக்கும் இயந்திரம் கேடி6-ஐப் பார்க்கும். சரேயைப் பார்க்காது.