கலோரி ஒன்றுதான் என்றால் பிள்ளைகள் பாக்கெட் தீனியை மட்டும் ஏன் அதிகமாகத் தின்கிறார்கள்?

குழித்துறைக்காரி:
பிள்ளைகள் ஒன்பதாவதும் ஆறாவதும் படிக்கிறார்கள். பள்ளி விட்டு வந்து பையை வைத்த கையோடு நூடுல்ஸ், இல்லையென்றால் சிப்ஸ் பாக்கெட். நான் சின்னவளாக இருந்தபோது அந்த நேரத்துக்கு அம்மா மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்து, காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் சதைத்துத் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தருவார்கள், அதோடு ராத்திரிவரை பசிக்காது. இவர்கள் ஒரு பாக்கெட் முடித்ததும் அடுத்ததைத் தேடுகிறார்கள். அமெரிக்காவில் கெவின் ஹால் என்பவர் இதைப் பற்றி ஆய்வு செய்தார் என்று படித்தேன், ஆனால் 20 பேரைத்தான் வைத்தாராம். அதை நம்பலாமா? கிழங்கிலும் மாவுதானே இருக்கு, என்ன வித்தியாசம் என்று வீட்டுக்காரர் கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாகர்கோவில் உணவியல்:
நம்பலாம் அக்கா. 20 பேர் என்றாலும் அவர்களை ஆராய்ச்சி மருத்துவமனையிலேயே நான்கு வாரம் தங்க வைத்து, சாப்பிட்டதையெல்லாம் அளந்திருக்கிறார்கள். இரண்டு வாரம் ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு, ஒவ்வொருவரும் இரண்டையும் சாப்பிட்டார்கள். அதனால் ஒருவரை அவரோடேயே ஒப்பிட முடிந்தது. வைத்த தட்டில் கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, வேண்டுமட்டும் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். பதப்படுத்திய உணவு தின்ற நாட்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி அதிகமாக உள்ளே போனது, இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை ஏறியது, மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. 2019-இல் வந்த ஆய்வு இது. இன்னொன்று, இரண்டு உணவுமே ருசியில் ஒன்றுபோலத்தான் இருந்தது என்று சாப்பிட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள், ஆகவே நாக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. பதப்படுத்தியதை வேகமாகத் தின்றார்கள். மெல்ல வேலையில்லை, போதும் என்று வயிறு சொல்வதற்குள் தட்டு காலியாகிவிடும். ஒரு குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். அந்தப் பதப்படுத்திய உணவில் நார்ச்சத்து போதாததால் அதைப் பானத்தில் கலந்து கொடுத்தார்கள், அதனால் தட்டில் இருந்த திட உணவு ஒவ்வொரு வாயிலும் அதிகக் கலோரி கொண்டதாக இருந்தது. வேகமா, அந்த அடர்த்தியா, எது எவ்வளவு காரணம் என்று இந்த ஒரு ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

குளச்சல் கடற்கரை:
எங்கள் வீட்டில் கிழங்கும் சாளை (மத்தி) மீன் கறியும் வைத்தால் பிள்ளைகள் தின்று எழும்ப அரை மணிக்கூறு ஆகும், முள் எடுக்க வேண்டுமே. அவசரப்படவே முடியாது. கிழங்கில் மாவுதான் பெரும்பங்கு, புரதம் ரொம்பக் குறைவு, அந்தக் குறையை மீன் நிரப்புகிறது. நம் ஊர்க்காரர்கள் இரண்டையும் சேர்த்தே தின்று பழகியது எனக்கு எப்போதும் பெருமைதான். 1880-களில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் மரச்சீனியைப் பரப்பினார், பஞ்சத்தில் அரிசி கிடைக்காதபோது ஏழைகளைக் காப்பாற்றிய கிழங்கு அது. கிழங்கு அவித்த தண்ணீரை மட்டும் கண்டிப்பாக வடித்துக் கொட்டிவிடுங்கள், கிழங்கிலுள்ள விஷச்சத்தில் ஒரு நல்ல பங்கு தண்ணீரோடு போய்விடும்.

மார்த்தாண்டம் தாத்தா:
மக்களே, கிழங்கை ரொம்பவும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். எனக்குச் சுகர் இருக்கு, கிழங்கு தின்றால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறும், அதனால் நாலு துண்டோடு நிறுத்தி மீனைக் கூட்டிக்கொள்வேன். நேந்திரங்காய் சிப்ஸ் நம் ஊருடையது, காயும் எண்ணெயும் உப்பும்தான், ஆனால் அதையும் டப்பாவோடு பிள்ளைகள் கையில் கொடுத்தால் கதை அதேதான். இதில் அம்மாமாரைக் குறை சொல்வதும் சரியில்லை. அந்த ஆய்விலேயே சமைத்த சாப்பாட்டுக்கு வாரம் 151 டாலரும் மற்றதுக்கு 106 டாலரும் ஆனது, அதை ஆக்கிப் போட ஆள் கூலி தனி. நம் வீட்டில் அந்தக் கூலி பெண்களின் மேல்தான் விழுகிறது. காலையிலேயே சிறுபயிறை ஊறப்போட்டுவிடு மகளே, குக்கரில் இரண்டு விசில், தேங்காய் துருவிப் போட்டால் போதும். பெரியவன் ஒன்பதாவதுதானே, அவனே செய்யட்டும்.

குழித்துறைக்காரி:
பெரியவன் இல்லை தாத்தா, மகள். ஆனால் தம்பியையும் சேர்த்தே செய்யச் சொல்லப்போகிறேன். வீட்டுக்காரரிடம் சாளை முள் கதையைச் சொன்னேன், ஒன்றும் பேசவில்லை, ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வருகிறேன் என்று மட்டும் சொன்னார். நாகர்கோவில் தம்பி, ஒரு சந்தேகம்: மட்டி வாழைப்பழத்தை அப்படியே தின்பதும் ஜூஸ் அடித்துக் குடிப்பதும் ஒன்றா? அவள் குடிக்கத்தான் கேட்கிறாள்.

நாகர்கோவில் உணவியல்:
அப்படியே கொடுங்கள் அக்கா. அடித்தால் மெல்லும் வேலை போய்விடும், மூன்று பழம் ஒரே மடக்கில் இறங்கிவிடும்.