மறு: 'ட்யூனிங்' – பாடத்தாளுக்கு ஒரு சொல் வேண்டும்

ரோஸ் ஹில்லிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். இங்கே மொரீசியஸில் எங்கள் சனிக்கிழமைக் கணினி வகுப்புக்கான தாள் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ட்யூனிங், அதாவது வலையமைப்பு நன்றாக ஓட அதன் அமைப்புகளை மாற்றிச் சரிசெய்வது, என்ற இடத்தில் நின்றுவிட்டேன். காட்டப்போகும் கணக்கு இது: டிசிபி சாளரம் (இணையத்தில் தரவு அனுப்பும் டிசிபி முறையில், 'கிடைத்தது' என்ற பதில் வருமுன் அனுப்பக்கூடிய தரவின் அளவு) பழைய 65,535 பைட்டிலேயே இருந்து, தரவு போய்வர 200 மில்லிவினாடி ஆனால், கம்பி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு இணைப்பில் நொடிக்கு 2.6 மெகாபிட்டுக்கு மேல் வராது. தீவில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே உறைக்கும். சாளரத்தைக் கூட்டுகிறோம், அளக்கிறோம், மறுபடி மாற்றுகிறோம். இந்த வேலைக்கு என்ன பெயர்? 'உகப்பாக்கம்' ஆப்டிமைசேஷனுக்குப் போய்விட்டது.

டர்பனிலிருந்து:
சொல் நம்மிடமே இருக்கிறது, அம்மா. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் யாழிசையின் எட்டு வகைகளை இளங்கோ அடுக்கும்போது 'பண்ணல் பரிவட்டணை ஆராய்தல் தைவரல்' என்றுதான் தொடங்குகிறார். பாடப்போகும் பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை நிறுத்துவது பண்ணல். அது சரியாக வந்ததா என்று பார்ப்பது ஆராய்தல். நீங்கள் சொன்ன மாற்றுவதும் அளப்பதும் இரண்டுமே கிடைத்துவிட்டன! குதிரைக்குச் சேணம் பூட்டி ஆயத்தம் செய்வதும் பண்ணுதல்தான். நிலத்தைப் பண்படுத்துகிறோம், பண்பாடு என்கிறோம். எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு.

காத்ர் போர்னிலிருந்து:
ஐயா, அழகான சொல்தான். ஆனால் எங்கள் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். அவர்களுக்குப் 'பண்ணு' என்றால் 'செய்', அவ்வளவுதான். 'சர்வரைப் பண்ணினேன்' என்று எழுதினால் என்ன விளங்கும்? 'சுருதி சேர்த்தல்' என்று வைக்கலாமே.

டர்பனிலிருந்து:
சுருதி வடசொல். எனக்கு உடன்பாடில்லை.

ரெயூனியனிலிருந்து:
இசைவாக்கம்?

காத்ர் போர்னிலிருந்து:
இலங்கைப் பாடநூல்களில் அது உயிரினம் சூழலுக்கு ஏற்ப மாறுவதைக் குறிக்கிறது. குழப்பம் வரும். 'நுண்சீராக்கம்' போதும் என்று தோன்றுகிறது. பார்த்தவுடனே பொருள் தெரிகிறது.

டர்பனிலிருந்து:
எம்டியுவை, அதாவது ஒரு பொதியில் போகக்கூடிய தரவின் உச்ச அளவை, 1500 பைட்டிலிருந்து 9000க்கு ஏற்றுவதும் ட்யூனிங்தானே, தம்பி? அதில் நுண்மை எங்கே?

காத்ர் போர்னிலிருந்து:
அளவு பெரிதுதான், ஐயா, வேலை நுணுக்கமானது. வழியிலுள்ள ஒரு சுவிட்ச் 9000 பைட் பொதியை ஏற்காவிட்டாலும் அது அங்கேயே தொலைந்துவிடும். இணைப்பைச் சோதிக்கும் சிறிய பிங் பொதி போகும், கோப்பு மட்டும் பாதியில் நிற்கும். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும். ஒவ்வொரு கருவியாகப் பார்த்து மாற்றுவதால்தான் நுண் என்கிறேன்.

ரோஸ் ஹில்லிலிருந்து:
சரி, நாள் இல்லை. நுண்சீராக்கம் என்றே அச்சுக்குத் தருகிறேன், பக்கத்தில் ட்யூனிங் என்றும் இருக்கும். ஐயா சொன்ன கானல்வரி அடியை வகுப்பில் கட்டாயம் சொல்வேன்.

டர்பனிலிருந்து:
வகுப்பில் சொல்வதற்கு நன்றி, அம்மா. ஆனாலும் என் மறுப்பு நிற்கட்டும். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸே சாளரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறதே, அந்த ஆட்டோட்யூனிங்கை அடுத்த தாளில் எப்படி எழுதுவீர்கள்? தன்நுண்சீராக்கம் என்றா? 'தன்பண்ணல்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.