பதினாறாம் நாள் ஏற்பாடு (குடும்பக் குழு)

வியாழக்கிழமை

அத்தை, இரவு 8:42
ஞாயிற்றுக்கிழமை படையலில் வைக்க அம்மாவின் பச்சைச் சுங்குடிச் சேலையைத் தேடினேன். அலமாரியின் அடித்தட்டில் ஊசி நூல் டின் இருந்தது. அதற்குள் இது.
(படம்)
(படம்)

அக்கா, 8:44
கடிகாரமா?

தம்பி மெல்பர்ன், 8:44
தாத்தாவின் சட்டைப்பைக் கடிகாரமா? அது போய்விட்டது என்றுதானே சொல்வார்கள்!

சித்தி, 8:45
அண்ணி, சமையல்காரர் எத்தனை பேர் என்று கேட்கிறார். 60 சொல்லவா?

நான், 8:46
சிறுவயதில் அந்த டின்னில் எத்தனை முறை பொத்தான் தேடியிருப்பேன். ஒருநாளும் கண்ணில் படவில்லையே அத்தை.

அத்தை, 8:47
பொத்தான்களுக்கு அடியில் அட்டையை வட்டமாக வெட்டிப் பொருத்தியிருக்கிறார். அதன் கீழே, அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் சுற்றி. என் கை நடுங்குகிறது.

பெரியப்பா, 8:58
யாரும் அதற்குச் சாவி கொடுக்க வேண்டாம். பல ஆண்டுகள் கிடந்த கடிகாரத்தில் எண்ணெய் பசையாக இறுகிப்போயிருக்கும். அப்படியே ஓடவிட்டால் சக்கர அச்சுகள் தேயும். பாலிஷ் போடவும் கூடாது, உள்ளே உள்ள முத்திரை அழிந்துவிடும். பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். அப்பா ரஜுலா கப்பலில் சிங்கப்பூர் வந்து இறங்கியது 1938. அந்த ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதிதான் செம்பவாங்கில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில், கப்பல் பழுதுபார்க்கும் பெரிய உலர்துறையைத் திறந்தார்கள். அப்பாவுக்குக் கடற்படைத் தளத்தில் வேலை. அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்த இங்கிலாந்துக் கடிகாரம் இது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் வந்ததும் ஊர்ப் பெயர் சியோனான் ஆனது, நேரமும் தோக்கியோ நேரம் ஆனது. ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அப்பா இதை மட்டும் தள்ளவில்லை. அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்து, இரவில் எடுத்துச் சாவி கொடுத்து, மூன்றரை ஆண்டுகளும் பழைய நேரத்திலேயே ஓடவிட்டார். யாராவது பார்த்திருந்தால் கடிகாரத்தோடு ஆளும் போயிருப்பார்.

அக்கா, 8:59
இதை எத்தனை முறை கேட்டாலும் புல்லரிக்கிறது பெரியப்பா.

அத்தை, 9:01
அதிகாரி கொடுத்தது என்று அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. சுங்கை ரோடு சந்தையில், இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து அப்பாவே வாங்கியது என்பார்.

பெரியப்பா, 9:02
அம்மாவைக் கல்யாணம் செய்தது 1947இல். அதற்கு முன் நடந்தது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

சித்தி, 9:03
60 சொல்லிவிட்டேன். வடையும் 60 போதுமா?

மாமா, 9:10
பின்மூடியை நகத்தால் நெம்பினேன், திறந்துகொண்டது. சாவி கொடுக்கவில்லை.
(படம்)

பெரியப்பா, 9:11
தொட வேண்டாம் என்று சொன்னேனே மாப்பிள்ளை.

நான், 9:19
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் பெரியப்பா. மூடியின் உட்புறம் நடக்கும் சிங்க முத்திரை, அதாவது 92.5 விழுக்காடு வெள்ளி. நங்கூரம் பர்மிங்ஹாம் முத்திரை. ஏ.எல்.டி. என்ற எழுத்துகள் டென்னிசன் என்பவருடைய உறைப் பட்டறையைக் குறிப்பவை. ஆனால் உள்ளே இயந்திரத்தில் வால்தம் என்று இருக்கிறது. அது அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் செய்தது. அந்த டென்னிசன்தான் வால்தம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், பிறகு பர்மிங்ஹாமில் உறை செய்யப் போனார். இயந்திரத்தில் வரிசை எண் இருக்கிறது, அதைக் கொண்டு செய்த ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். நாளை வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுங்கள் மாமா.

பெரியப்பா, 9:21
அப்படியானால் உறை இங்கிலாந்துதான்.

தம்பி மெல்பர்ன், 9:22
இப்போது விற்றால் எத்தனை டாலர் வரும்?

பெரியப்பா, 9:22
பணக் கணக்குப் பேசும் பொருள் இல்லை இது.

அக்கா, 9:24
கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறதே, அங்கே கொடுக்கலாம். கடற்படைத் தளத் தமிழர் கதையை நாலு பேர் படிப்பார்கள்.

அத்தை, 9:25
அம்மா போய்ப் பதினாறு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் எங்கேயோ கொடுப்பதா?

பெரியப்பா, 9:31
அப்பா கண்மூடும் முன் இதை எனக்கென்று சொன்னார். அது 1979. 1985இல் இது எப்படி வீட்டை விட்டுப் போனது என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அவன் இதுவரை ஒரு வார்த்தை எழுதவில்லை பாருங்கள்.

அக்கா, 9:32
பெரியப்பா, காரியம் முடியட்டும்.

சித்தப்பா, 9:33
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி, 9:35
அவர் பால்கனியில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் அழைக்க வேண்டாம்.

நான், 9:41
இன்னொன்று பார்த்தேன். மூடியின் உள்ளே ஊசியால் கீறிய எழுத்துகள் இருக்கின்றன. பழுது பார்த்தவர்கள் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் அப்படிக் கீறி வைப்பார்கள். மூன்று கீறல். கடைசிக் கீறலில் 12-85 என்று இருக்கிறது.

தம்பி மெல்பர்ன், 9:42
85 டிசம்பரா? அப்போது அது வீட்டில் இல்லையே?

அத்தை, 9:48
டின்னில் ஒரு காகிதமும் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்த பரபரப்பில் விரித்துப் பார்க்கவில்லை. இப்போதுதான் பார்க்கிறேன். அடகுச் சீட்டு. தங்க வளையல் இரண்டு. 1985 நவம்பர்.

அக்கா, 9:49
பாட்டியின் வளையலா? தேக்கா சந்தையில் கழன்று விழுந்ததாகச் சொன்னவை?

அத்தை, 9:50
இரண்டும் ஒரே நாளில் கழன்று விழுமா என்று அப்போதே கேட்டேன். அரிசி களைந்துகொண்டே, விழுந்துவிட்டது என்றார். சீட்டு இங்கேயே இருக்கிறது என்றால் மீட்கவே இல்லை. ஆறு மாதத்தில் மூழ்கிப்போயிருக்கும்.

சித்தப்பா, 10:06
அண்ணன், கடிகாரத்தை அடகு வைத்தது நான்தான். 85 அக்டோபரில். பட்டறையில் ஆள்குறைப்பு, மூன்று மாதமாக வேலை இல்லை, மூத்தவள் பிறந்து நாற்பது நாள். நீங்கள் கேட்டபோது தெரியாது என்று சொன்னேன். அது பொய். சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. ஒருநாள் காணவில்லை. துவைக்கும்போது கரைந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். வேலை கிடைத்ததும் கடைக்கு ஓடினேன். யாரோ சீட்டைக் கொண்டுவந்து மீட்டுப் போய்விட்டார்கள் என்றார்கள். அது அம்மா என்று இன்று இரவுதான் எனக்குத் தெரியும்.

சித்தப்பா, 10:07
துணி துவைத்தது அம்மாதானே.

அத்தை, 10:09
துவைப்பதற்கு முன் ஒவ்வொரு பையாகத் திருப்பிப் பார்ப்பார்.

நான், 10:10
மீட்டதோடு நிற்காமல் பழுதும் பார்க்கக் கொடுத்திருக்கிறார்.

அத்தை, 10:12
82 புத்தாண்டில் எல்லாரும் அரை மணி நேரத்தை முன்னால் தள்ளியபோது, அப்பாவின் கடிகாரத்தை மட்டும் தள்ள வேண்டாம் என்று அம்மா சொன்னது நினைவிருக்கிறதா அண்ணன்?

சித்தி, 10:20
இத்தனை ஆண்டும் பொங்கலுக்குப் பொங்கல் அந்த வீட்டில் இவர் தலைகுனிந்துதான் சாப்பிட்டார். மாமியார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அத்தை, 10:21
சொல்லியிருந்தால் இவன் வைத்ததும் வெளியே வந்திருக்கும்.

சித்தி, 10:21
அதற்காகவா?

மாமா, 10:30
ஞாயிறு படையல் 12 மணிக்குள் முடிய வேண்டும். கீழ்த்தளத்துக்கு நகர மன்ற அனுமதி வந்துவிட்டது. நாற்காலி மட்டும் பாக்கி.

பெரியப்பா, 10:47
தம்பி, ஞாயிறு காலை 7 மணிக்கு உன் புளோக் கீழே வந்து நிற்கிறேன். நீயும் சித்தியும் என் காரில் வாருங்கள்.

சித்தப்பா, 10:49
செம்பவாங்கிலிருந்து தெம்பனிஸ் வந்து திரும்ப ஈசூனா? உங்களுக்குப் பெரிய சுற்று அண்ணன். எம்ஆர்டி ரயிலில் வந்துவிடுகிறோம்.

பெரியப்பா, 10:49
வருகிறேன் என்றால் வருகிறேன்.

அக்கா, 10:52
கடிகாரம் யாரிடம் இருக்கப்போகிறது?

அத்தை, 10:53
ஞாயிறு வரை டின்னிலேயே இருக்கட்டும். படையலில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். சீட்டையும் வைக்கிறேன்.

தம்பி மெல்பர்ன், 10:54
எனக்கு வீடியோவில் காட்டுங்கள். முள் எந்த நேரத்தில் நிற்கிறது?

அத்தை, 10:55
ஒன்பது இருபது. எந்தக் காலத்து ஒன்பது இருபதோ.

சித்தி, 10:58
பெரியப்பா வீட்டில் எத்தனை பேர்? வடை 80 ஆக்கிவிடவா?