பழைய ஷாட்கன் கட்டையை வளைக்கலாமா?

வணக்கம். இங்கிலாந்தில் க்ளே ஷூட்டிங் (வானில் எறியும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டு) பழகுகிறேன். சென்ற மாதம் பழைய வெப்லி அண்ட் ஸ்காட் 12 போர் (குழல் விட்ட அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். அருமையான வால்நட் கட்டை (தோளில் வைக்கும் மரப்பகுதி). நீளமும் எனக்குச் சரி. ஆனால் பின்பக்க இறக்கம், அதாவது குழலின் மேல்மட்டத்திலிருந்து கட்டையின் பின்முனை தாழ்ந்திருக்கும் அளவு, 2¾ அங்குலம்! கன்னத்தை அழுத்தி வைத்தால் குழலே கண்ணுக்குத் தெரிவதில்லை.

16 கஜத்தில் தகட்டில் சுட்டுப் பார்த்தேன், குறிக்கு 4 அங்குலம் கீழே விழுகிறது. அந்தத் தூரத்தில் குண்டு விழும் இடம் ஓர் அங்குலம் மாறக் கட்டையில் 1/16 அங்குலம் மாற்ற வேண்டும் என்பது கணக்கு. ஆக, கன்னம் படும் இடம் கால் அங்குலம் உயர வேண்டும்.

சூடான ஆளிவிதை எண்ணெய் ஊற்றி வளைப்பார்கள் என்று தெரியும். இவ்வளவு பழைய மரம் விரிசல் விட்டால் மனசு தாங்காது. வளைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வளைவு நாளடைவில் திரும்பிவிடுகிறதா? இல்லை, முதலில் கன்னம் படும் இடத்தில் தோல் பட்டை கட்டி உயர்த்திப் பார்ப்பதுதான் நல்லதா?