மறுமொழி: மீன்தொட்டி ‘சைக்கிளிங்’ – சுழற்சியா, பழக்கலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

புதுத் தொட்டியில் மீன் விடும் முன், மீனுக்கு நஞ்சாகும் அம்மோனியாவைக் கையாளும் நுண்ணுயிரிகளை அதில் வளரவிடுவதை ஆங்கிலத்தில் ‘சைக்கிளிங்’ என்கிறார்கள். நம் குழுவின் சொற்பட்டியலுக்கு அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தொட்டிச் சுழற்சி, நீர் பதப்படுத்தல், நைட்ரோபாக்டர் (அப்படியொரு நுண்ணுயிரியின் பெயர்) வளர்ப்பு. மூன்றின் மேலும் எனக்கு வழக்கு உண்டு.

> சுழற்சி என்பதே போதும். பாடநூலிலேயே நைட்ரஜன் சுழற்சி இருக்கிறதே.

இருக்கிறது. இலங்கை நூல்களில் அதுவே நைதரசன் வட்டம். காட்டுக்கும் வயலுக்கும் அந்தப் பெயர் தகும். காற்றில் புறப்பட்டது மண், செடி, விலங்கு என்று சுற்றிக் காற்றுக்கே திரும்புகிறது. நம் தொட்டியில் கதை வேறு. மீனின் செவுளிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒரு கூட்டம் நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக்குகின்றன, இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக்குகின்றன. பெரும்பாலும் அதோடு பாதை முட்டிக்கொள்கிறது. செடிகள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்; மீதி நைட்ரேட்டை வாரம் ஒருமுறை வாளியில் மொண்டு கொட்டுவது நான்தான்.

இன்னொன்று. என் மைத்துனரிடம் “சுழற்சி முடிந்த பிறகு மீன் விடுங்கள்” என்று சொல்லியிருந்தேன். மோட்டாரை இரவு முழுவதும் ஓடவிட்டு, “தண்ணீர் நன்றாகச் சுழன்றுவிட்டது, மீன் வாங்கப் போகலாமா?” என்று காலையில் தொலைபேசியில் கேட்டார். அவர் மேல் பிழையில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது.

‘நீர் பதப்படுத்தல்’ இதைவிட ஆபத்தானது. அந்த நுண்ணுயிரிகள் நீரில் மிதந்துகொண்டிருப்பவை அல்ல. வடிகட்டிப் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் வழவழப்பாக ஒட்டி வாழ்பவை. இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். கொளத்தூரிலிருந்து ஆறு தங்கமீன்களை வாங்கிவந்து, புதிய இரண்டடித் தொட்டியில் அன்றே விட்டேன். நான்காம் நாள் எல்லாம் மேலே வந்து வாய் பிளந்தன. விற்றவரைக் கேட்டேன், தண்ணீர் முழுவதையும் மாற்றச் சொன்னார். மாற்றினேன். சும்மா இருக்காமல், பஞ்சையும் கல்லையும் குளோரின் வாடை அடிக்கும் குழாய்நீரில் பிழிந்து அலசினேன். ஒட்டத் தொடங்கியிருந்த கொஞ்சநஞ்சமும் சாக்கடைக்குப் போயிற்று. பத்தாம் நாள் ஒரு மீன்தான் மிச்சம். நீரைப் பதப்படுத்துவதாகத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

> நைட்ரோபாக்டர் வளர்ப்பு – அறிவியல்படி துல்லியம்.

துல்லியம் கெட்டுப்போய் நாளாகிறது. நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் இவ்வகை நுண்ணுயிரிகளைப் பிரித்தெடுத்த பிறகு, நைட்ரைட்டைக் கையாள்வது நைட்ரோபாக்டர்தான் என்று ஒரு நூற்றாண்டு எல்லோரும் எழுதினார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2015-இல் இன்னும் வேடிக்கை: அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியாளாகவே முடித்துவிடும் நைட்ரோஸ்பைராக்கள் கண்டறியப்பட்டன. அவற்றில் சில கிடைத்த இடம், மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டி! வேலைக்குப் பெயர் வைப்போம். வேலையாளின் பெயரை அதில் ஒட்ட வேண்டாம்.

என் பரிந்துரை: தொட்டி பழக்கல்.

சொல் நம் அடுக்களையில் கிடக்கிறது. புதுத் தோசைக்கல்லில் வாங்கிய அன்றே யாரும் மாவு ஊற்றுவதில்லை. புது மண்சட்டியில் கழுநீர் ஊற்றி வைத்து, சில நாள் கழித்துத்தான் குழம்பு. இதைப் ‘பழக்குவது’ என்கிறோம். பார்வைக்குப் பாத்திரம் தயார்தான், ஆனால் தயார் இல்லை. தொட்டிக்கும் அதே நிலைதான்.

இலக்கணமும் கைகொடுக்கிறது. பழகு தன்வினை, பழக்கு பிறவினை. நாம் பழக்குகிறோம், தொட்டி தன் வேகத்தில் பழகுகிறது, வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம். பழகிய தொட்டி, பழகாத தொட்டி, மீனில்லாப் பழக்கல் என்று கிளைச்சொற்கள் சிரமமில்லாமல் வருகின்றன. மீனில்லாப் பழக்கலுக்கு நான் உரித்த இறால் ஒன்றைத் துணியில் கட்டித் தொட்டியில் போடுவேன். அழுகி அம்மோனியா கொடுக்கும். நாற்றத்தைப் பற்றி வீட்டார் சொல்வதை இங்கே எழுத இயலாது.

நண்பரின் பழகிய தொட்டியிலிருந்து ஒரு பஞ்சை வாங்கிப் போட்டால் காலம் பாதியாகக் குறையலாம். இதற்கு ‘விதைத்தல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எதற்கு? பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதேதான் இது. அதுவும் நுண்ணுயிரி வேலை. உறைப்பஞ்சு, உறையிடல் என்றே வைக்கலாம்.

சொற்பட்டியலுக்கு வரையறையும் தருகிறேன்: லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா சேர்த்தால், 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு இறங்கி, நைட்ரேட் மட்டும் ஏறியிருக்கும் தொட்டியே பழகிய தொட்டி. நாள்கணக்கை வரையறையில் சேர்க்க வேண்டாம். என் இரண்டாவது தொட்டியில் அம்மோனியா இறங்கிய பிறகும் நைட்ரைட் சோதனைக் குப்பி இரண்டு வாரம், நைட்ரைட் உண்டு என்று காட்டும் கத்தரிப்பூ நிறத்திலேயே நின்றது. அம்மோனியா இல்லை என்று அப்போது மீன் விட்டிருந்தால், நைட்ரைட் இரத்தத்தில் கலந்து, நீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுமுட்டிச் செத்திருக்கும்.

ஒரு மறுப்பு வரும்: வாங்கிவந்த மீனைப் பையோடு மிதக்கவிட்டுப் புது நீருக்கு ஏற்றவாறு ஆக்குவதும் பழக்கல்தானே? நியாயம். அதற்கு ‘மீன் இணக்கல்’ என்று பிரித்துவிடலாம். நாய் பழக்குகிறவர்கள் கோபித்துக்கொண்டால் அப்போது பார்த்துக்கொள்வோம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. புதுத் தொட்டியில் முதல் வாரம், வேறு வகை நுண்ணுயிரிகள் திடீரெனப் பெருகி நீர் வெண்மையாகக் கலங்குமே, அதற்கு என்ன சொல்லலாம்? எங்கள் வீட்டில் ‘கழுநீராகிவிட்டது’ என்கிறோம். ‘கழுநீர்க் கலங்கல்’ என்று பட்டியலில் ஏற்றலாமா, குழு சொல்லட்டும்.